சும்மா இருப்பதற்குச் சம்பளம்

விவசாயத்தை விடுகிறவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. வயதானவர்களுக்கு மாதாமாதம் வருகிற உதவித்தொகை அது. ஊரில் ஓஏபி பணம் என்பார்கள். ஆனால் பேரில் நிலம் இருந்தால் கிடைக்காது, மண்வெட்டி பிடிக்கிற தெம்பு இருந்தாலும் கிடைக்காது என்று ஆனபிறகு, எங்கள் பக்கத்தில் அது விவசாயத்தை விடுவதற்கான பணமாகத்தான் மாறிப்போனது. என் மாமனாரும் அப்படித்தான் விட்டார். அவர் விட்டது நல்லதுக்கு என்று நினைத்தேன். இப்போது என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் அப்படி நினைக்க முடியவில்லை.

நாங்கள் குடியிருப்பது பரவையில். என் கணவருக்குக் கப்பலூரில் ஒரு சின்ன லேத் பட்டறை. நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்கு ஒரே மகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அதே கப்பலூரில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். அப்பாவும் மகளும் காலையில் ஒரே பைக்கில் ரிங் ரோடு வழியாகப் போவார்கள். மாமனார் மட்டும் மதுரைக்கு அந்தப் பக்கம், திருவாதவூரில் தனியாக இருந்தார். மாமியார் காலமான பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டும் வரவில்லை. மேலவயல் என்று ஒரு துண்டு நிலம், கண்மாய்ப் பாசனம். அதுதான் காரணம்.

ஒருநாள் உரம் போட்டுக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். ஆடு மேய்க்க வந்த அம்மா பார்த்துச் சத்தம் போட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. சேற்றோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் இனிமேல் வெயிலில் இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் போன பிறகு மாமனார் குளுக்கோஸ் ஏறுகிற கையைத் தூக்கிக்கொண்டு கேட்டார்:

"நான் சும்மா ஒக்காந்தா கஞ்சி எவன் ஊத்துவான்?"

"நான் ஊத்த மாட்டேனாப்பா?" என்றார் என் கணவர்.

"ஒம் பட்டறைக்கே பேங்க்காரன்லடா ஊத்துறான்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகனிடம் கை நீட்டமாட்டார், நிலத்தையும் விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அப்போதுதான் அந்த உதவித்தொகை எனக்கு ஞாபகம் வந்தது. மகன் கொடுத்தால் வாங்காதவர் சர்க்கார் கொடுத்தால் வாங்குவார். அதுமட்டும் சரியாகத்தான் கணித்தேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். இளவயதுக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஒங்க பேர்ல நெலம் இருக்கே பெருசு" என்றார்.

"நெலம் இல்லாதவன் என்னத்தைய்யா விடப்போறான்?"

அவர் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேரை மாத்திட்டு வாங்க மேடம். அதுக்கப்பறம் வயக்காட்டுல மம்பட்டியோட நிக்கிறாருன்னு எவனாச்சும் மனுப் போட்டான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

யார் பேருக்கு மாற்றுவது என்பதில் பெரிய பேச்சு நடக்கவில்லை. மகன் பேருக்கு எழுதினால் பட்டறைக் கடனுக்கு நிலமும் போய்விடும் என்று மாமனார் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். மிச்சம் இருந்தது பேத்திதான். "பொட்டப்புள்ள பேருல கெடக்கட்டும். கட்டிக்குடுக்கையில சீரோட சேத்துச் சொல்லிக்கலாம்" என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. பெண்ணின் பேரில் நிலம் இருக்கிறது என்று சொன்னால் வருகிற மாப்பிள்ளை வீட்டாரின் முகம் கொஞ்சம் மாறும். நகை மாதிரி அதுவும் அவள் பேரில் சும்மா கிடக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

பத்திர ஆபீசுக்கு மகள் அரைநாள் லீவு போட்டு வந்தாள். போட்டோவுக்கு நின்றாள், விரல் ரேகை வைத்தாள், தாத்தாவோடு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

உதவித்தொகை வந்ததோ இல்லையோ, மாமனார் அந்த அலுவலர் சொன்னதை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். ரகசியமாக வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார் என்று நாங்கள் பயந்தோம். அவரோ ஒரு களையைக்கூடப் பிடுங்கவில்லை. மண்வெட்டியைக் கழுவிப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டத்தில் வைத்துவிட்டார்; தன் வீட்டில் கிடந்தால் யாராவது பார்த்துவிடுவார்களாம். வெளுத்த வேட்டியோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

"என்னண்ணே, மேலவயல்ல கோரை மண்டிக் கெடக்கு?" என்று யாராவது கேட்டால், "என்னையக் கேக்காதப்பா, நான் ரிட்டையர்டு. சும்மா இருக்கச் சொல்லிச் சம்பளம் குடுக்குறாய்ங்க" என்பார்.

சொல்லும்போது சிரிப்பார். டீ கிளாஸைப் பிடிக்கிற கை மட்டும் எதையோ இறுக்கிப் பிடிப்பது போல இருக்கும். அதை நான் பார்த்தேன். பார்த்தும், வெயிலில் விழவில்லையே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

கண்மாய்க்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் அந்த ஊரில் வாய்க்கால் வெட்டுவார்கள். அந்தக் கண்மாயில் பாசனம் உள்ள ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு ஆள் போகவேண்டும். ஆள் வராத நிலத்துக்கு அந்த வருடம் தண்ணீர் முறை கிடையாது. யார் பேரில் பட்டா இருக்கிறதோ அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன், யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மகளின் செல்லுக்கு போன் வந்தது. பாசனக்காரர்கள் சார்பில் ஒரு பெரியவர் பேசினார்.

"நாளைக்கு வாய்க்கா வெட்டு. ஒங்க பேருதான் இருக்கு தாயி. ஆள் வருமா, வராதா?"

கூலிக்கு ஆள் வைத்துவிடலாம் என்றேன். "ஞாயித்துக்கெழமைதானம்மா, போய்த்தான் பாக்குறேனே" என்று கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவளின் முகமெல்லாம் கன்றிப்போயிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம். ஆனால் இரண்டு வருடமாக வேலை முடிந்து வருகிறவளிடம் நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

"அம்மா, அங்க எல்லாரும் என்னைய மேலவயக்காரின்னு கூப்புடுறாய்ங்கம்மா. ஏ மேலவயக்காரி, அந்தக் கல்லைப் பொரட்டு, ஏ மேலவயக்காரி, சோறு எடுத்துக்கன்னு."

"கம்பெனியில பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்களா?"

"கம்பெனியில லைன் த்ரீம்மா நான்."

அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அடுத்த ஞாயிறும் போனாள். பிறகு வாரத்தில் ஒருநாள் லீவு போட்டாள். ஐப்பசியில் நாற்று நட்டபோது, வேலையை விட்டுவிட்டேன் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னாள்.

நான் கத்தினேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். படிக்கவைத்த கதையைச் சொன்னேன், பட்டறைக் கடனைச் சொன்னேன், கல்யாணத்தைச் சொன்னேன். விவசாயம் பார்க்கிற பையனுக்கே எவரும் பெண் கொடுக்காத காலத்தில், விவசாயம் பார்க்கிற பெண்ணை யார் எடுப்பார்கள்? அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள்.

"ஒரு போகம் பாக்கட்டும். நட்டம் வந்தாத் தானா விட்டுரும்" என்றார் என் கணவர், அவள் எழுந்து போன பிறகு.

பெற்ற மகளின் வெள்ளாமை பொய்க்கவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் அன்றிலிருந்து காத்திருந்தோம். அதை வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. சாமி கும்பிடும்போது நான் எதைக் கேட்பது என்று தெரியாமல் கையை மட்டும் கூப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாமனாராவது அவளை விரட்டிவிடுவார் என்று நம்பினேன். அவர் விரட்டவும் இல்லை, உதவவும் இல்லை. அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அய்யா என்பார்கள். "அய்யா, இந்த இலை ஏன் பழுக்குது?" என்று ஒருநாள் என் எதிரில்தான் கேட்டாள். "வெவசாய ஆபீசுல போயிக் கேளு. நான் விட்டுட்டேன்" என்றார். அவளும் போனாள், கேட்டாள், செல்லில் பார்த்தாள், பக்கத்து வயல்காரர்களிடம் திட்டு வாங்கினாள்.

ஆனால் அவருக்கு வந்த பணம் வந்த மறுநாளே உரக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. விடுவதற்கு வாங்கிய பணத்தை அதே வயலில் போடுகிறீர்களே என்று கேட்டேன். "வேலை செய்யக்கூடாதுன்னுதான ஆத்தா சொன்னாய்ங்க. செலவழிக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

மார்கழியில் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் தண்ணீர் இறங்க, முறை வைத்து விட ஆரம்பித்தார்கள். தை பிறந்ததும் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, குடும்பம் மதுரையிலேயே. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் பேரில் நிலம் இருக்கிறது என்பதைத் தரகர் அழுத்திச் சொல்லியிருந்தார். அதில் நெல் விளைகிறது, விளைவிப்பது பெண்தான் என்பதைச் சொல்லியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பார்த்து முடித்துவிடவேண்டும்.

மேலவயலுக்கு வெள்ளிக்கிழமை முறை. ஆனால் மேலே எங்கோ வாய்க்கால் கரை உடைந்து எல்லாருடைய முறையும் தள்ளிப்போய், அதே ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது.

"பன்னெண்டுக்குள்ள பாய்ச்சிட்டு வந்துருவேன்" என்று விடியும்போதே போய்விட்டாள். பன்னிரண்டுக்குப் போன் செய்தால், "தண்ணி இப்பத்தாம்மா மேல்மடை தாண்டுது" என்கிறாள். சொஜ்ஜி கிளறிக்கொண்டிருந்த கரண்டியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு டாக்சியைப் பிடித்துக்கொண்டு நானே கிளம்பினேன். மாட்டுத்தாவணி தாண்டுகிற வரை டிரைவரிடம் சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன்.

நான் போய் இறங்கும்போது தண்ணீர் அப்போதுதான் மேலவயலுக்குள் நுழைந்திருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்த முறையை விட்டால் அடுத்தது எப்போதோ. மகள் சுடிதாரைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மடையில் நின்றிருந்தாள். ரோட்டோரம் வேப்பமரத்தடியில் மாமனார் வெளுத்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"மாமா, ஒரு ரெண்டு மணி நேரம் மடையில நில்லுங்க. ஒண்ணும் செய்யவேணாம். சும்மா நின்னாப் போதும். பொண்ணு பாக்க வாராங்க மாமா."

"நிக்கலாம் ஆத்தா" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏற்கெனவே ஒரு மொட்டை மனுப் போயிருக்கு. நான் ராத்திரியோட ராத்திரியா வெவசாயம் பாக்குறேனாம். போன வாரம் ஆளு வந்து கையத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாத்துட்டுப் போறான். இப்ப எறங்குனா இன்னைக்கே போட்டோ போயிரும்."

கூலிக்கு ஆள் நிறுத்தலாமா என்றால் அதுவும் முடியாது. முறைத்தண்ணீர் ஓடும்போது அந்த வீட்டு ஆள் மடையில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறைக்காரர் மடையைக் கட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ளலாம். அந்த ஊர் வழக்கம் அது. யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை என் பக்கம் நீட்டினாள்.

"நீ நில்லும்மா."

"நானா?"

"நீயும் இந்த வீட்டு ஆளுதான. அந்தா, நடுவுல ஒரு கல்லு தெரியுதுல்ல, அது முங்குற வரைக்கும் எவனையும் மடையைக் கட்ட விட்டுராத. நான் அந்த டாக்சியில போறேன்."

என்னோடு வந்துவிடு, பயிர் காய்ந்தால் காயட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், சொன்னால் வரமாட்டாள் என்று தெரிந்தது. நான் நின்றால் போவாள். அவள் போகவேண்டும் என்பதற்காகத்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். மகள் ஈரக்காலோடு டாக்சியில் ஏறினாள்.

மணி மூன்றைத் தாண்டியிருக்கும். இந்நேரம் காபித் தட்டோடு வந்து நிற்பாள், நகத்தைத் தேய்த்துக் கழுவினாளோ இல்லையோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கீழ்வயல்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன டீச்சரம்மா, ஸ்கூல் லீவா? தண்ணி போதும்ல, கட்டிரவா?"

"கல்லு இன்னும் முங்கலை."

"முங்கிருச்சு. ஒங்க கண்ணாடிக்குத் தெரியலை போல."

"தெரியுது. முங்கலை."

"எம்புட்டு நேரம் நிப்பீக? போய் மாப்பிள்ளை வீட்டைக் கவனிங்க, போங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு மண்கட்டியை வெட்டி மடையில் போட்டார். தண்ணீர் சட்டென்று கலங்கித் திரும்பியது.

அப்போது எனக்குள்ளிருந்து வந்த சத்தம் வகுப்பில்கூட வந்ததில்லை. "மம்பட்டிய எடுங்கண்ணே! கல்லு முங்காம ஒரு பிடி மண்ணு போட்டீங்க, நான் இங்கனயே மடையில படுத்துருவேன்!"

சுற்றியிருந்த வயல்களில் குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமனார் மரத்தடியிலிருந்து எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை வரப்பில் வைத்தார். எதிர்க் கரையில் ஒருவன் செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

"மாமா, எறங்காதீங்க! மேலயே நில்லுங்க!"

அவர் அப்படியே நின்றார். ஒரு கால் ரோட்டில், ஒரு கால் வரப்பில். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்கமுடியவில்லை. பணத்துக்காக நின்ற முகம் இல்லை அது. அடித்து உட்காரவைக்கப்பட்ட முகம்.

கீழ்வயல்காரர் தான் போட்ட மண்கட்டியைத் தானே காலால் தள்ளிவிட்டார். "அம்மாடி, மகளாச்சும் வாயாலதான் ஏசும். நீங்க படுத்துருவேன்ங்கிறீக" என்று சொல்லிவிட்டு வரப்பில் குந்திப் பீடி பற்றவைத்தார். கல் மூழ்கியதும் நானே மண்ணை வெட்டிப் போட்டு மடையைக் கட்டினேன். கீழ்வயல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வெட்டு வெட்டிச் சரிசெய்துகொண்டார்.

பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது வந்தவர்கள் போயிருந்தார்கள். கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். சொஜ்ஜித் தட்டு பாதி அப்படியே இருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு" என்றார். "பையனோட அம்மா கேட்டாங்க, கல்யாணத்துக்கப்பறம் நெலத்தை யாரு பாப்பான்னு. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள இவ, நான்தான் அத்தைன்னுட்டா. மாப்பிள்ளை கோயம்புத்தூர்ல இருக்காரேன்னாங்க. அவுக சனி ஞாயிறு இங்க வரட்டும், பஸ்ஸு இருக்குல்லன்னா. அவங்க பொண்ணு பாக்க வந்தாங்களா, இவ மாப்பிள்ளை பாத்து அனுப்பிட்டாளான்னு தெரியலை."

நான்கைந்து நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வரன் வந்தது. இரண்டும் வீட்டு வாசல்வரைகூட வரவில்லை.

அறுப்பு முடிந்தது. நாங்கள் காத்திருந்த நட்டம் வரவில்லை. பெரிய லாபமும் இல்லை. அடுத்த போகத்துக்கு விதைக்கிற அளவுக்கு வந்தது. நட்டம் வந்திருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். இது அவளை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்கிற அளவுக்குச் சரியாக வந்தது. அதுதான் எனக்குப் பயம்.

நெல்லைத் தூற்றிக் குவித்த அன்று நானும் கணவரும் திருவாதவூருக்குப் போயிருந்தோம். களத்தின் ஓரத்தில் மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணியைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. மகள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாமல்தான் கேட்டேன்.

"எம்புட்டு வருசத்துக்குடி இது?"

"அறுபது வரைக்கும்மா" என்றாள் சிரித்துக்கொண்டே. "அதுக்கப்பறம் அய்யாவுக்குக் குடுக்குற மாதிரி எனக்கும் குடுப்பாய்ங்கள்ல. அப்ப விட்டுர்றேன்."

கணவரும் சிரித்தார். நான் அவளை அறுபது வயதில் நினைத்துப் பார்த்தேன். அப்போது நாங்கள் இரண்டு பேரும் இருக்கமாட்டோம்.

நாற்காலியில் இருந்த மாமனார் நெல்லைப் பார்த்தபடியே, குத்தலாக இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார்:

"சரி தாயி. அப்ப யாரு பேருக்கு எழுதி வப்ப?"

அவள் துண்டை உதறி மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டாள். சாக்கு ஒன்றை எடுத்து வாயை விரித்துப் பிடிக்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். நான் போய்ப் பிடித்தேன்.